ஊசி முடியும்வரை நாய்க்குட்டியை வீட்டுக்குள்ளேயே வைக்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்கு 10 வாரம். முதல் தடுப்பூசி போட்டு 10 நாள் ஆகிறது. மிக்ஸி சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது, ஆள் வந்தால் நடுங்குகிறது. எல்லா ஊசியும் முடியும்வரை வெளியே விடக்கூடாது என்கிறார்கள். பயம் தானாகப் போகுமா? (வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள். 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரைதான் குட்டியின் மனம் புதியதை எளிதாக ஏற்கும். ஊசிகள் முடியவோ 16 வாரம் ஆகிவிடும். அதுவரை அடைத்து வைத்தால் அந்த நல்ல காலம் போய்விடும்.

அதற்காகத் தெருவில் இறக்கிவிடச் சொல்லவில்லை. குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். தெருநாய்கள் திரியும் சில்வர் பீச் மணல் இப்போது வேண்டவே வேண்டாம். தூக்கிக்கொண்டு போங்கள். தேவனாம்பட்டினம் சாலையோரம் மடியில் வைத்துக்கொண்டு 10 நிமிடம் உட்காருங்கள். ஆட்டோ, பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்டவர், ஓடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்க்கட்டும். உறவினர் வீட்டில் ஊசி போட்ட, சாதுவான நாய் இருந்தால் அங்கே தரையில் விட்டுப் பழக்கலாம்.

மிக்ஸிக்கு வருவோம். இதில் வரிசைதான் முக்கியம். குட்டியோடு நீங்கள் தள்ளியுள்ள அறையில் இருங்கள். வேறொருவர் சமையலறையில் 2 நொடி ஓட்டி நிறுத்தட்டும். சத்தம் வந்த உடனே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். தீனியை முதலில் காட்டிவிட்டு மிக்ஸியைப் போட்டால், அப்புறம் தீனியைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடும். துண்டை வாங்க மறுத்தால் பசியில்லை என்று விட்டுவிடாதீர்கள், அந்தச் சத்தம் அதற்குத் தாங்கவில்லை. இன்னும் தள்ளிப் போங்கள். வாலை ஒடுக்குவதும், உதட்டை நக்குவதும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவதும் பயத்தின் அடையாளங்கள்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் குட்டியைக் கூப்பிடாமல், உற்றுப் பார்க்காமல் உட்காரட்டும். அதுவாக வந்து முகரும். கட்டிலடியிலிருந்து இழுத்து, "தூக்கிப் பாருங்க" என்று கையில் கொடுப்பதை நாம் பாசத்தில்தான் செய்கிறோம். குட்டிக்கோ அது தப்பிக்க வழியே இல்லாத நிலை, தயவுசெய்து வேண்டாம். பயந்து உங்களிடம் ஓடிவந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சினால் பயம் கூடும் என்பது தவறான எண்ணம்.

தீபாவளிக்கும் இதே முறைதான். போனில் வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து இப்போதே தொடங்குங்கள். தீபாவளி அன்று பயிற்சி வேண்டாம். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஒருவர் கூடவே இருங்கள்.

2 வாரத்தில் கொஞ்சம்கூட மாற்றம் இல்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, வயிற்று வலி இருந்தாலும் குட்டி இப்படித்தான் ஒளியும்.