வீட்டில் கட்டும் சைன் அலை ஜெனரேட்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஆடியோ ஆம்ப் சோதிக்க 1 கிலோஹெர்ட்ஸ் சைன் வேணும் சார். எக்ஸ்ஆர்2206 (அலை உண்டாக்குற ஐசி) கிட் வாங்கவா, நானே கட்டவா?

பதில்: கட்டுங்க. அந்த ஐசி முக்கோண அலையை வளைச்சுத்தான் சைன் ஆக்குது. நல்லா ட்ரிம் பண்ணினாலும் அரை சதவீதம் டிஸ்டார்ஷன் (அலையோட வடிவம் கெடுறது) மிச்சம் இருக்கும். ஒரு டிஎல்072 (ஆப்-ஆம்ப் ஐசி) வச்சு வீன் பிரிட்ஜ் (ரெசிஸ்டர், கப்பாசிட்டரால ஃப்ரீக்வென்சி தீர்மானிக்கிற சைன் சர்க்யூட்) போடுங்க.

9 வோல்ட் பேட்டரி ரெண்டை சீரிஸ்ல போட்டு நடுப்புள்ளியை கிரவுண்ட் ஆக்கிடுங்க. பிளஸ் 8வது பின்னுக்கு, மைனஸ் 4வதுக்கு. ரெண்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஐசியை ஒட்டி ஒவ்வொரு 104 (100 நானோஃபாரட்) செராமிக் கப்பாசிட்டர். 1வது பின்னிலிருந்து 3வதுக்கு 16கே (கிலோஓம்) ரெசிஸ்டர், 10 நானோ(ஃபாரட்) கப்பாசிட்டர் சீரிஸ்ல. 3லிருந்து கிரவுண்டுக்கு அதே மதிப்புகள் பேரலல்ல. கணக்குப்படி 995 ஹெர்ட்ஸ். இந்த 10 நானோ ரெண்டும் பாலியெஸ்டரா இருக்கட்டும், டிஸ்க் செராமிக் வேண்டாம். 2லிருந்து கிரவுண்டுக்கு 10கே. 1லிருந்து 2க்கு 15கே, அதோட சீரிஸ்ல 10கே ப்ரீசெட் (ஸ்க்ரூடிரைவரால திருகுற ரெசிஸ்டர்). ப்ரீசெட்டுக்குக் குறுக்கே 1என்4148 டயோடு ரெண்டு, எதிரெதிர் திசையில.

கேள்வி: கட்டிட்டேன் அண்ணா, அவுட்புட்டே இல்லை.

பதில்: ப்ரீசெட்டைப் பாருங்க தம்பி. கெய்ன் (ஆம்ப் பெருக்குற மடங்கு) 3 இருந்தாத்தான் ஆசிலேஷன் அணையாம ஓடும். 15கே-யோட 5கே சேர்ந்தா சரியா 3. அதுக்குக் கீழே போனா அடங்கிடும், முழுசா 10கே வச்சா டயோடு அலையைக் கடிச்சுடும். அதிகபட்சத்துல ஆரம்பிச்சு, அலை அணையுற வரைக்கும் குறைச்சு, ஒரு துளி திரும்ப ஏத்துங்க. 2, 3 வோல்ட் பீக் கிடைக்கும்.

அப்பவும் இல்லேன்னா 1வது பின்ல டிசி அளங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும். 7, 8 வோல்ட்ல ஒட்டிக்கிட்டா 2ம் 3ம் மாறியிருக்கும், இல்லேன்னா நடு கிரவுண்ட் வயர் விட்டிருக்கும். அலையோட ரெண்டு பாதியும் சமமா இல்லையா? டயோடு ரெண்டும் ஒரே திசையில இருக்கு.

கேள்வி: கையில எல்எம்358 ஆப்-ஆம்ப்தான் இருக்கு. ஆகுமா?

பதில்: 1 கிலோஹெர்ட்ஸுக்கு ஆகும். ஆனா அலை பூஜ்யத்தைத் தாண்டுற இடத்துல ஒரு முடிச்சு விழும். 1வது பின்னிலிருந்து மைனஸ் சப்ளைக்கு 4.7கே போட்டா மறையும். 20 கிலோஹெர்ட்ஸ்ல 3 வோல்ட் பீக்குக்கு மைக்ரோசெகண்டுக்கு 0.38 வோல்ட் வேகம் வேணும், அந்த ஐசி அங்கேயே திணறி முக்கோணம் போட ஆரம்பிச்சுடும்.

கேள்வி: ஃப்ரீக்வென்சியை நாப்ல மாத்த முடியுமா?

பதில்: 16கே ரெண்டையும் எடுத்துட்டு 10கே டூயல் கேங் லீனியர் பாட் (ஒரே நாப்ல திரும்புற ரெண்டு ரெசிஸ்டர்), ஒவ்வொண்ணோடயும் சீரிஸ்ல 1கே. 1.45லிருந்து 15.9 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்; 10 நானோவை 100 நானோவா மாத்தினா அதுல பத்துல ஒரு பங்கு. மலிவு பாட்ல ரெண்டு கேங்கும் ஒத்துப்போகாது, திருகும்போது அலை அணையும். ப்ரீசெட்டைக் கொஞ்சம் கூட்டி வையுங்க.

கேள்வி: டயோடுக்குப் பதிலா பல்பு போடலாமா?

பதில்: ஹெச்பியோட முதல் தயாரிப்பான 200ஏ-ல அதுதான். டிஸ்டார்ஷன் நல்லாவே குறையும். பல்பு வர்ற இடம் வேற: 2வது பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல இருக்கிற 10கே-க்குப் பதிலா. சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறி கெய்னை இறக்கும். அதுக்குத் தேவையான கரன்ட்டை டிஎல்072 தராது, என்இ5532 ஆப்-ஆம்ப் வாங்குங்க.