மழை வாய்ப்பு 40 சதவீதம் என்றால் தளம் போடலாமா?

கேள்வி: எங்களுடையது சிறிய ஊர். அடுத்த வாரம் வீட்டுக்கு கான்கிரீட் தளம் போட வேண்டும். வாராந்திர முன்னறிவிப்பில் தினமும் 30, 40 சதவீத மழை வாய்ப்பு என்றே காட்டுகிறது. போன வாரம் 40 சதவீதம் என்றிருந்த நாளில் கருமேகம் திரண்டும் ஒரு சொட்டு விழவில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளிக் கொட்டித் தீர்த்தது. எதை நம்பி நாள் குறிப்பது?

பதில்: அந்த 40 சதவீதம் பொய்த்துவிடவில்லை. உங்கள் வீடு இருக்கும் இடத்தில், அந்தக் கால அளவுக்குள், அளக்கக்கூடிய மழை விழ பத்துக்கு நாலு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு மழை, எத்தனை மணி நேரம் என்பதை அந்த எண் சொல்லாது. அளக்கக்கூடிய மழை என்பது பெரும்பாலும் 0.2 மி.மீ.யில் தொடங்குகிறது. அந்தத் தூறல் தளத்தை ஒன்றும் செய்யாது, 20 மி.மீ. கொட்டினால் சிமெண்ட் பாலையே அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே சதவீதத்தோடு பக்கத்தில் உள்ள மி.மீ. அளவையும் பாருங்கள்.

சிறிய ஊர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. வானிலையைக் கணிக்கும் உலகளாவிய கணினி மாதிரிகள் பூமியைச் சுமார் 10 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு தனி இடிமேகத்தின் அகலமே 5 முதல் 10 கி.மீ.தான், ஆயுளும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அது எந்தத் தெருவுக்கு மேல் எழும் என்று ஐந்து நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. அன்றைய காற்று மேகத்துக்குத் தோதாக இருக்குமா என்பதைத்தான் வாராந்திர முன்னறிவிப்பு சொல்கிறது. முதல் மூன்று நாளை நம்பித் திட்டமிடலாம். ஆறாம், ஏழாம் நாளை வெறும் போக்காக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குறித்த நாளின் எண்ணைத் தினமும் காலையில் எழுதி வாருங்கள். 40, 50, 60 என்று ஏறினால் மழை உறுதிப்படுகிறது. 20, 60, 30 என்று தாவினால் மாதிரிக்கே இன்னும் தெளிவில்லை.

மீதியை வானத்திடம் கேட்க வேண்டும். அதற்கு மேகம் உருவாகும் விதம் தெரிய வேண்டும். ஓர் எவர்சில்வர் டம்ளர் போதும். பாதி அளவு தண்ணீர் ஊற்றி, சின்னச் சின்னப் பனிக்கட்டியாகப் போட்டு, வெப்பமானியால் மெதுவாகக் கலக்குங்கள். வெளிப்புறப் பளபளப்பு மங்கி முத்து முத்தாக வியர்க்கத் தொடங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறியுங்கள். பனிக்கட்டி போடுவதை நிறுத்தி, வியர்வை மறையும்போதும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் பனிப்புள்ளி: காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும். பனிக்கட்டியை மொத்தமாகப் போட்டால் சரியான கணம் தவறிவிடும். குனிந்து பார்க்கும்போது மூச்சு பட்டாலும், அடுப்பு எரியும் சமையலறையில் செய்தாலும் தவறான அளவே கிடைக்கும். பிளாஸ்டிக் டம்ளர் உதவாது. உள்ளே இருக்கும் குளிர்ச்சி வெளிப்பரப்புக்குச் சரியாக வந்து சேராது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியும் இதற்கு ஆகாது.

வானத்தில் நடப்பதும் இதுவே. வெயிலில் சூடான காற்று மேலேறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது. விரிவதால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. பனிப்புள்ளி சுமார் 2 டிகிரிதான் இறங்கும். ஆக வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி குறைகிறது. அதாவது இடைவெளி ஒரு டிகிரி குறைய காற்று 125 மீட்டர் ஏற வேண்டும். நீராவி படிய இடம் கொடுத்து டம்ளரின் பரப்பு செய்த வேலையை அங்கே தூசி, புகை, கடல் உப்புத் துகள்கள் செய்கின்றன. பஞ்சுப்பொதிபோல் எழும் திரள் மேகங்களின் அடிப்பாகம் கோடு கிழித்ததுபோல் தட்டையாக இருப்பதற்குக் காரணம், காற்று பனிப்புள்ளியை எட்டும் உயரம் அதுதான் என்பதே.

பிற்பகலில் வெப்பநிலை 33, பனிப்புள்ளி 23 என்றால் வித்தியாசம் 10. மேக அடி 1,250 மீட்டரில் இருக்கும். 36-ம் 14-ம் என்றால் 2,750 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் துளிகள் வறண்ட காற்றில் பாதியிலேயே ஆவியாகலாம். மேகத்தின் கீழே சாம்பல் நிற விழுதுகள் தொங்கும், தரை நனையாது. கருமை மழைக்கு உத்தரவாதமில்லை. மேகம் தடிமனாக இருப்பதால் வெளிச்சம் கீழே வரவில்லை என்பதுதான் அந்தக் கருமை. ஒரு மழைத்துளி உருவாக ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். அதற்கு மேகம் மேலும் உயர வேண்டும்.

தளம் போடும் நாளில் விடிந்ததுமே நடு உயரத்தில் பாருங்கள். கோட்டை மதில்போல் முனை முனையாகச் சிறு மேகங்கள் எழுந்து நின்றால் பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம். அன்று கலவை போட வேண்டாம். திரள் மேகங்கள் பிற்பகல் 2 மணிக்கும் தட்டையாகவே இருந்தால் ஓரளவு நிம்மதி. உச்சி காலிஃபிளவர்போல் கூர்மையான விளிம்போடு கொப்பளித்தால் மேகம் வளர்கிறது. அந்த விளிம்பு நாரெடுத்ததுபோல் கலங்கினால் உச்சி பனித்துகள்களாக மாறுகிறது. உள்ளே மழை தொடங்கியிருக்கும்.

வானம் முழுக்கச் சாம்பல் போர்வையாகக் கார்படை மேகம் மூடியிருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். அது மணிக்கணக்கில் பெய்யும். வெயிலால் எழும் பிற்பகல் மழைதான் என்றால் விடியலில் தொடங்கி முற்பகலுக்குள் கொட்டி முடியுங்கள். தார்ப்பாய், அதைத் தாங்கச் சட்டங்கள் இரண்டையும் முதலிலேயே மேலே ஏற்றி வையுங்கள். கருமேகத் திசையிலிருந்து திடீரென்று குளிர்காற்று வீசினால் மழைக்குச் சில நிமிடங்களே இருக்கலாம்; இடி கேட்டால் யாரும் மேலே நிற்கக் கூடாது. தார்ப்பாய் ஈரக் கலவையைத் தொடாமல் சட்டத்தின் மேல் சரிவாக இருக்கட்டும். நடுவில் நீர் தேங்கினால் அந்த எடையே தளத்தில் பள்ளம் விழச் செய்யும்.