எந்தப் புதூர்? (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

நான் ஹைல்ப்ரோன்ல இருக்கேன், வீட்டுக்காரர் ஜெர்மன்காரர். தை மாசம் மாமனார் தவறிட்டாரு. அலமாரியை ஒழிக்கும்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய பேப்பர் கிடைச்சுது. எனக்கு ஜெர்மன் நல்லாவே படிக்க வரும், ஆனா இந்தக் கையெழுத்துல ஒரு வரி புரியல, வீட்டுக்காரருக்கும் புரியல. ஒரே ஒரு சர்டிபிகேட்ல மட்டும் அச்செழுத்துல நாய்ஷ்டாட்னு மாமனாரோட தாத்தா பொறந்த ஊர் பேரு, பின்னாடி ஓ.எஸ்.னு ஏதோ. கூடவே கழுகு படம் போட்ட சின்ன புக்கு ஒண்ணு, பக்கத்துக்குப் பக்கம் சர்ச் சீல். அதைப் பத்திக் கேட்டா மாமியார் பேச்சை மாத்திடறாங்க (அவங்க பொறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான், ப்ராட்டஸ்டன்ட்). நெட்ல முல்லர்னு எங்க குடும்பப் பேரைப் போட்டுத் தேடினா யாரோ போட்ட வம்ச மரம் சார்லமேன் ராஜா வரைக்கும் போகுது! பொண்ணு ஸ்கூல்ல போய் சொல்லிட்டா. நிஜமா இருக்குமா? எங்கேருந்து ஆரம்பிக்கறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ராஜாவை முதல்ல வழியனுப்பி வெச்சிடுங்க. முல்லர்னா மாவு மில்லுக்காரர், தண்ணி ஓடற ஊர்ல எல்லாம் ஒரு மில்லு, மில்லுக்கு ஒரு முல்லர், ஜெர்மனியில இதைவிட ஜாஸ்தி பேருக்கு இருக்கற குடும்பப் பேரே கிடையாது. நெட்ல கிடக்கற மரமெல்லாம் ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் காப்பி அடிச்சு, அதை மூணாவது ஆள் அடிச்சு வளர்ந்தது, எந்த ஏட்டைப் பாத்து எழுதினாங்கன்னு கீழ போடலைன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. பொண்ணுகிட்ட பக்குவமா சொல்லிடுங்க.

நீங்க போற போக்குல "ஓ.எஸ்.னு ஏதோ"ன்னு எழுதியிருக்கீங்களே, அந்த டின்லயே பெரிய சொத்து அதுதான். நாய்ஷ்டாட்னா என்ன, புதூர். நம்ம ஊர்ல பஸ்ல ஏறி "புதூர் ஒண்ணு குடுங்க"ன்னா கண்டக்டர் எந்தப் புதூர்ம்பாரு இல்லையா, அங்கயும் அதே கதை, நாடு முழுக்க நாய்ஷ்டாட். அதனால பின்னாடி அடையாளம் போடுவாங்க. ஓ.எஸ்.னா ஓபர்ஷ்லேசியன், மேல் சைலீசியா. அந்த ஊர் இன்னைக்கு ஜெர்மனியிலயே இல்ல, 1945க்கு அப்புறம் போலந்துக்குப் போயிடுச்சு, செக் எல்லையை ஒட்டி ப்ருட்னிக்னு மேப்புல இருக்கும். சைலீசியா முழுக்க இருந்த ஜெர்மன்காரங்களை லட்சக்கணக்குல மேற்க துரத்திவிட்டாங்க. உங்க மாமனார் குடும்பம் எப்ப, எப்படி வந்துச்சுன்னு மாமியாரைத்தான் கேக்கணும்.

ஊர் பேருக்கு நான் ஏன் இப்படி அடிச்சுக்கறேன்னா ஜெர்மனிக்கு மொத்தமா ஒரே ஏடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. 1871 வரைக்கும் ஜெர்மனின்னு ஒரே நாடே இல்ல. பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தந்த ஊர் சர்ச்சுல பாதிரியார் கையால எழுதினது, கவர்மென்ட் ஆபீஸ், அதாவது ஷ்டாண்டஸ்ஆம்ட், எழுத ஆரம்பிச்சது ப்ரஷ்யாங்கற பெரிய ராஜ்யத்துல 1874 அக்டோபர்லேருந்து, மத்த இடமெல்லாம் சேத்து 1876 ஜனவரிக்குள்ள. உங்க சைலீசியா ப்ரஷ்யாதான், அதனால 74 கணக்கு. இன்னொண்ணு, நாய்ஷ்டாட்ங்கறது மாவட்டப் பேரும்கூட. சர்டிபிகேட்ல "க்ரைஸ்"னு, அதாவது மாவட்டம்னு, முன்னாடி இருந்தா ஊர் வேற ஏதோ கிராமம். 1912ல வந்த மையர்ஸ்னு ஒரு ஊர் அகராதி இருக்கு, நெட்ல இலவசமா பாக்கலாம், குக்கிராமத்துக்குக்கூட எந்த ஷ்டாண்டஸ்ஆம்ட்னு போட்டிருக்கும். அந்தப் பக்கத்து ஏடுங்களுக்கு போலந்துல ஒப்போலே ஊர் அரசு ஆவணக் காப்பகத்துல தேடணும், போலந்துக்காரங்க நிறைய ஸ்கேன் பண்ணி காசு வாங்காம போட்டிருக்காங்க, அது ஒண்ணு நிம்மதி.

ஆனா நான் நீங்களா இருந்தா மாமியார் பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பேன். உங்க ஹைல்ப்ரோன் இருக்கற வுர்ட்டம்பெர்க் பக்கத்து ப்ராட்டஸ்டன்ட் சர்ச்சுங்கள்ல 1808 வாக்குல ஆரம்பிச்ச குடும்ப ஏடு உண்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம், புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரோட அப்பா அம்மா, கீழ பிள்ளைங்க வரிசையா. மத்த ஊர்க்காரங்க வருஷக்கணக்கா தேடி சேக்கறது இங்க ஒரே பக்கத்துல உக்காந்திருக்கும். ஆர்கியோன் தளத்துல காசு கட்டிப் பாக்கலாம் (கத்தோலிக்கர்னா மாட்ரிகுலா தளம், அது இலவசம்). கவர்மென்ட் ஏட்டுல பொறப்பு 110 வருஷம், கல்யாணம் 80, சாவு 30 வருஷம் வரைக்கும் யார் வேணா கேட்டு வாங்க முடியாது, நேர் வாரிசு கேக்கலாம். அதனால லெட்டர் நீங்க எழுதினாலும் கையெழுத்து உங்க வீட்டுக்காரர் போடணும்.

அந்தக் கையெழுத்துக்குப் பேரு குரென்ட். (நம்ம வீட்டு கரண்டும் இதுவும் ஒண்ணு, எப்ப இருக்கும் எப்ப போகும்னு தெரியாது.) பள்ளிக்கூடத்துல 1941ல நிறுத்திட்டாங்க, அதான் உங்க வீட்டுக்காரருக்கும் புரியல. அதுல 'இ' (e) பாக்க இப்பத்து 'என்' (n) மாதிரியே இருக்கும், 'யூ' (u) மேல ஒரு பிறை போட்டுத்தான் 'என்'லேருந்து பிரிப்பாங்க. என் மனைவியோட கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா லைனவேபர், லினன் துணி நெய்யறவர், அந்த ஒரு வார்த்தையை நான் நாலு நாள் பாத்தேன். நடுவுல எல்லாம் மேலும் கீழும் கோடு, அரிசி மூட்டைல போட்ட தையல் மாதிரி, ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியா மேல நிக்குது. கடைசில அதே பாதிரியார் இன்னொரு பக்கத்துல தெளிவா எழுதியிருந்ததைப் பாத்து கோடு எண்ணிக் கண்டுபிடிச்சேன். செப்டம்பரை 7ன்னு போட்டு பக்கத்துல பெர்னு எழுதியிருப்பாங்க (லத்தீன்ல செப்டம்னா ஏழு), அதை ஜூலைன்னு நினைச்சு ஒரு குழந்தையை அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே பொறக்க வெச்சுட்டேன், மனைவி இன்னும் விடல. படிக்கப் பழகறதுக்கு முன்னாடி எழுதிப் பழகுங்க, பொண்ணையும் உக்கார வெச்சு அவ பேரை எழுத வைங்க, கை பழகினா கண்ணு தானா பழகிடும்.

கழுகு போட்ட புக்கு பெரும்பாலும் ஆனன்பாஸ், முன்னோர் பாஸ். ஹிட்லர் காலத்துல வேலைல இருக்க, கல்யாணம் பண்ண, தன் குடும்பத்துல யூதர் இல்லைன்னு ஜனங்க நிரூபிக்க வேண்டியிருந்துச்சு, பாதிரியார்கள் ஏட்டைப் பாத்துப் பாத்து எழுதி சீல் குத்திக் குடுத்தாங்க. அதே ஏட்டை வெச்சுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் யூதர்னும் முடிவாச்சு. நமக்கு வேணுங்கற தகவல் அதுல இருக்கும், ஊர், தேதி, மதம், பல சமயம் ஏட்டு நம்பர்கூட, மூணு தலைமுறை ஒரே ராத்திரில கைக்கு வந்துடும். உங்க மாமியார் ஏன் பேச்சை மாத்தறாங்கன்னு இப்ப உங்களுக்குப் புரியும்னு நினைக்கறேன். நோண்டாதீங்க. அந்த புக்கை ஓரமா வெச்சுட்டு போட்டோ ஆல்பத்தை எடுத்து "இது யாரு அத்தை"ன்னு ஆரம்பிங்க, சொல்றதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமான்னு கேட்டுட்டு பண்ணுங்க. போட்டோ பின்பக்கத்தையும் பாருங்க, ஸ்டூடியோ பேரும் ஊரும் அங்க அச்சடிச்சிருப்பாங்க.

நாய்ஷ்டாட்டுக்கு முன்னாடி க்ரைஸ்னு இருக்கான்னு மட்டும் பாத்து ஒரு வரி எழுதுங்க.