மோட்டாரை நிறுத்தாதீர்கள்

கேள்வி: பதினோரு வருஷமாக ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். மடிப்பாக்கத்தில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் கொண்ட வீடு இருக்கிறது. மாடியில் ஒன்பது வருஷமாக ஒரே குடும்பம். வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் ஒரு லட்சம். ஏழு மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். மழைக்கு ஒழுகுகிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது போனையே எடுப்பதில்லை. அக்ரிமென்ட் முதல் பதினோரு மாதத்துக்குப் போட்டதோடு சரி. வாடகையை வாங்கி வைக்கும் என் மச்சினன், ‘மோட்டாரை நிறுத்தி கரன்ட்டைப் பிடுங்கினால் ஒரே வாரத்தில் ஓடிவிடுவான்’ என்கிறான். 12 வருஷம் ஆனால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தமாகிவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், எனக்கும் மனசு கேட்கவில்லை. என்ன செய்வது?

— ஷார்ஜா வாசகர்

பதில்: முதல் காரியமாக மச்சினரைக் கூப்பிட்டு, மோட்டார் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். திரும்ப இணைப்புக் கொடு என்று உத்தரவு வரும். ஏழு மாதம் வாடகை தராதவர் அன்றிலிருந்து புகார் கொடுத்தவர் ஆகிவிடுவார், பதில் சொல்லி நிற்க வேண்டியவர் நீங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நானும் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தவன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். ஒரு மே மாதம் மோட்டார் காயில் எரிந்துபோனது. மொத்தம் ஆறு குடித்தனம். அவரைக் கேட்காமல் எதையும் ரிப்பேர் செய்யக் கூடாது என்று உத்தரவு, அவருக்கோ எங்கள் பகல்தான் இரவு. நாலு நாள் தெருமுனை அடிபம்பில் அடித்து, குடம் குடமாக மாடிக்குத் தூக்கினோம். பக்கத்துப் போர்ஷன் அம்மாவுக்கு அப்போது ஏழாவது மாதம். பாதிப் படியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்றால், வாடகை தராத மனிதர் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவார். குடம் தூக்கப்போவது பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணும் அவள் அம்மாவும்.

பன்னிரண்டு வருஷப் பயத்தையும் விட்டுவிடுங்கள். சொந்தக்காரரின் உரிமையையே மறுத்து, தன்னுடையது என்று வெளிப்படையாக அனுபவித்து வருகிறவருக்குத்தான் 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் சொல்லும் அந்தக் கெடு பொருந்தும். வாடகைக்கென்று உள்ளே வந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். நீங்கள் பயப்பட வேண்டிய கெடு மூன்று வருஷம். வாடகை பாக்கியைக் கேட்டு வழக்குப் போட, அந்தந்த மாத வாடகை சேர வேண்டிய நாளிலிருந்து அவ்வளவுதான் அவகாசம்.

ஆனால் அவர் உங்கள் வாடகைக்காரர் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? காலாவதியான ஒரு பத்திரம், அதன்பின் மச்சினர் கையில் கொடுத்து வாங்கிய பணம். புதிய சட்டத்தில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பதினோரு மாதத்துக்குப் போட்டுவிட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கு இனிச் செல்லாது. இது அவர் செய்த தவறு இல்லை, உங்களுடையது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த இடத்துக்கு வருகிறேன். ஏழு பதினாலு தொண்ணூற்றெட்டு. உங்களிடம் இருக்கும் அவருடைய அட்வான்ஸில் இன்னும் பாக்கி இரண்டாயிரம் ரூபாய். வீட்டை அமுக்க நினைக்கிறவர் இப்படிக் கணக்காக நிறுத்தமாட்டார். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: அவர் காலி செய்வதென்று முடிவுசெய்துவிட்டார், கொடுத்த ஒரு லட்சம் திரும்ப வராது என்று பயப்படுகிறார். சென்னையில் குடியிருந்த யாருக்கும் இந்தப் பயம் தெரியும். சாவியைக் கொடுத்த பிறகு பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகை போகும். ஆணி அடித்த ஓட்டை, உடைந்த குழாய் என்று இன்னும் கொஞ்சம் போகும். மீதிக்கு ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தருகிறேன்’ என்ற பதில்தான் கிடைக்கும். உள்ளூர் வீட்டுக்காரர் என்றால் வாசலில் போய் நின்று கேட்கலாம். ஷார்ஜாவில் இருப்பவரிடம் எங்கே போய் நிற்பது?

அந்த ஒரு லட்சம் இன்று எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. செலவாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அது அவர் பணம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

ஒழுகலும் உங்கள் கணக்குதான். குழாய் வாஷரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடமும் கூரையும் வீட்டுக்காரர் பொறுப்பு. மொட்டைமாடித் தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போனால் ஐப்பசி மழை நேரே சீலிங்குக்கு இறங்கும், அடுத்த வருஷம் கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்ந்து விழும். இரண்டு மழைக்காலம் அந்தக் குடும்பம் பக்கெட் வைத்துப் படுத்திருக்கிறது. அதற்காக முழு வாடகையையும் நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது. சொல்லியும் நீங்கள் செய்யாத ரிப்பேரை அவரே செய்திருந்தால், மாதம் பாதி வாடகைவரை கழித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. இதை அவரிடம் தயங்காமல் சொல்லலாம்.

அவர் நிஜமாகவே அடாவடிக்காரராக இருந்தாலும் வழி அடைபடவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி இருந்தாலே வக்கீல் மூலம் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்தில் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனுப் போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் பறந்து வர வேண்டியதில்லை. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, உங்களுக்குப் பதிலாக இங்கே ஒருவர் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரம் அனுப்பலாம், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தப் பவரில் வாடகை, பராமரிப்பு, வழக்கு இவற்றைத் தவிர ஒரு வார்த்தைகூட அதிகம் இருக்கக் கூடாது. விற்கும் அதிகாரத்தைச் சொந்த மச்சினருக்கும் எழுதாதீர்கள். பொதுப் பவரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வீட்டையே இழந்தவர்கள் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். வாடகை இனி உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்துக்காக வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) நேராக வரட்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள மச்சினர் வேண்டாம். மோட்டாரை நிறுத்தத் தயாராக இருக்கும் அவர், இரண்டு வருஷத்தில் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடி ஏறவில்லையே. அதே தெருவில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, சின்ன ரிப்பேருக்கு உங்களைக் கேட்காமலே செலவு செய்யும் அனுமதியும் கொடுங்கள்.

இன்று இரவே மாடியில் குடியிருப்பவரிடம் நீங்களே பேசுங்கள். போனை எடுக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புங்கள். பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், மே 31-ல் காலி செய்வதாக எழுதிக் கொடுங்கள், இந்த மாதத்திலிருந்து வாடகை கட்டுங்கள், பெயின்டிங் சார்ஜ் பிடிக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். அதெல்லாம் இரண்டாவது பேச்சு. அந்தப் பெண் உட்கார்ந்து படிக்கிற அறையிலா ஒழுகுகிறது என்று முதலில் கேளுங்கள்.