கெய்ரோவில் கல்லறைகளுக்கு நடுவே மக்கள் குடியிருக்கிறார்களாமே, உண்மையா? அவர்களுக்குப் பயமாக இருக்காதா?

உண்மைதான், பார்த்திருக்கிறேன். என் ஊர் காயல்பட்டினம். நாங்கள் ஷாஃபி மத்ஹபுக்காரர்கள், அதாவது இமாம் ஷாஃபி வகுத்த இஸ்லாமியச் சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். துபாயில் வேலை பார்த்தபோது, 2023-ல் கெய்ரோ போகிறேன் என்றதும், "இமாம் ஷாஃபியை சியாரத் செய்யாமல் திரும்பாதே" என்று வாப்பா சொல்லிவிட்டார். சியாரத் என்றால் அடக்கத்தலத்துக்குப் போய் வருவது.

இமாமின் அடக்கத்தலத்தின்மேல் 1211-ல் கட்டிய குப்பா, அதாவது குவிமாடக் கட்டடம் அது. உச்சியில் ஒரு சின்னப் படகு. பறவைகளுக்குத் தானியம் வைக்கவாம். அண்ணாந்து பார்த்தபடியே நடந்ததில், சுற்றிலும் மையவாடி (கல்லறைத் தோட்டம்) என்பதே எனக்கு உறைக்கவில்லை. கொடியில் துணி காய்ந்தது, டீக்கடையில் கூட்டம், சந்தில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள்.

முகத்தம் குன்றின் அடியில் 7-ஆம் நூற்றாண்டிலிருந்து மையத்து அடக்கிவரும் இடம். பெயர் கராஃபா. நம் ஊர் மையவாடி போல வெட்டவெளி இல்லை. வசதியான குடும்பங்கள் தங்களுக்கென்று 'ஹோஷ்' கட்டிக்கொண்டன: சுற்றுச்சுவர், முற்றம், ஓரிரு அறைகள். பெருநாளைக்குக் கப்ரை (கல்லறையை) பார்க்க வருகிறவர்கள் இரவு தங்கத்தான் அந்த அறைகள். ஆக, கட்டும்போதே மனிதர் தங்குவதற்கென்று கட்டியவை. காவலுக்கு இருந்தவர்கள் குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்தார்கள். அப்புறம் 1967 போரில் சூயஸ் கால்வாய்க்கரை ஊர்களை விட்டு வந்தவர்கள், 1992 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள், நகரத்து வாடகை கட்டுப்படியாகாதவர்கள் என்று ஆட்கள் சேர்ந்துகொண்டே போனார்கள்.

ஒரு ஹோஷில் வயதான அம்மா ஒருவர் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். கப்ருமேல் இருந்த கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அங்கே அடங்கியிருப்பவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். ஒருவரும் அவருக்குச் சொந்தமில்லை. சொந்தக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவார்களாம். பயம் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு இருந்த கவலை வேறு. எதிர்ச்சுவரில் இடிப்பதற்கான சிவப்புக் குறி போட்டிருந்தார்கள். வரலாற்றுக் கெய்ரோ 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. ஆனாலும் 2020-லிருந்து சாலைக்கும் பாலத்துக்குமாகக் கராஃபாவின் பல பகுதிகளை இடித்திருக்கிறார்கள். கப்ருக்கு உரிமையுள்ள குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே மாற்று இடம் தருகிறார்கள், எலும்புகளை எடுத்துப்போய் அடக்கலாம். அதே முற்றத்தில் முப்பது நாற்பது வருஷம் குடியிருந்தவர் கையில் பத்திரம் ஏது? எனக்கு மனசு ஆறவே இல்லை.

கெய்ரோ போனால் குப்பாவோடு திரும்பிவிடாதீர்கள். பின்னால் இருக்கும் சந்துகளிலும் நடந்து பாருங்கள், கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்போதே.