ஊர்சுற்றி பதில்கள்: சாம்பல் கல்லில் குடைந்த கோயில்கள்

போன இதழில் துருக்கியின் கப்படோக்கியா பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கரையான் புற்று மாதிரி நிற்கும் பாறைகள், அவற்றைக் குடைந்து கட்டிய தேவாலயங்கள், மண்ணுக்கடியில் ஊர் என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் கொங்குநாட்டில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

"பனியன் மெஷின் கண்காட்சிக்கு இஸ்தான்புல் போகிறேனுங்க. வீட்டுக்காரியும் வர்றா. கண்காட்சி முடிந்து ரெண்டு நாள் கையில் இருக்கு. கப்படோக்கியாவில் ஒருநாள் டூர் போதுமா? ரெட் டூர், கிரீன் டூர் என்று ரெண்டு சொல்கிறார்கள், எது நல்லதுங்க?" (ஒரு வாசகர், திருப்பூர்)

ரெண்டு நாள் தாராளம். ஆனால் காலையில் விமானம் ஏறி ராத்திரி திரும்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இஸ்தான்புல்லிலிருந்து கய்சேரிக்கோ நெவ்ஷெஹிருக்கோ விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான், அங்கிருந்து வேனில் கொரேமே ஊருக்குப் போய்விடலாம். ஆனாலும் விமான நிலையத்தில் காத்துக்கிடப்பதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். கொரேமேயில் ஓர் இரவாவது தங்குங்கள்.

ரெட், கிரீன் என்பதெல்லாம் டூர்க்காரர்கள் வைத்த பெயர், ஊருக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. ரெட் என்றால் வடபக்கம்: உச்ஹிசார் பாறைக்கோட்டை, கொரேமே திறந்தவெளி அருங்காட்சியகம் (குகைத் தேவாலயங்கள் இங்கேதான்), பாஷாபா, தெவ்ரெந்த் பள்ளத்தாக்குகள், அவானோஸ் என்ற குயவர் ஊர். கிரீன் என்றால் தென்பக்கம்: டெரின்குயு அல்லது கய்மக்லி பாதாள நகரம், இஹ்லாரா பள்ளத்தாக்கில் நடை, செலிமே மடாலயம். ஒன்றுதான் முடியும் என்றால் கூட வருபவரைக் கேட்டுக்கொண்டு ரெட் போங்கள். அதில் அலைச்சல் குறைவு. கிரீனில் வேனில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகம்.

பணம் கட்டும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிடுங்கள்: "வழியில் எத்தனை கடை?" நான் முதல் தடவை போனபோது இதைக் கேட்கவில்லை. காலையில் பதினான்கு பேரை வேனில் ஏற்றினார்கள், கைடு நல்ல பையன், நன்றாகப் பேசினான். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கல் நகை செய்யும் பட்டறை என்று ஓரிடத்தில் இறக்கினார்கள். பட்டறையில் ஒருவர் ஐந்து நிமிஷம் கல்லைச் சாணை பிடித்துக் காட்டினார், அப்புறம் கதவு திறந்தது, உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு நகைக்கடை. ஒரு மணி நேரம். தேவாலயங்களுக்கு அன்று கிடைத்தது நாற்பத்தைந்து நிமிஷம். வேனில் இருந்த நாங்கள் யாரும் ஒரு மோதிரம்கூட வாங்கவில்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். அவானோஸில் பானை வனையும் இடமும் கடைதான், ஆனால் அதை விடாதீர்கள். அந்த ஊரை ஒட்டி ஓடும் கிஸிலிர்மாக், பெயரே செவ்வாறு என்றுதான் அர்த்தம், துருக்கிக்குள்ளேயே ஓடி முடியும் ஆறுகளில் அதுதான் மிக நீளம், 1,355 கிலோமீட்டர். அந்த ஆற்றுச் செம்மண்ணைக் காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தில் வைத்து வனைவதைப் பார்க்கலாம்.

விசா முக்கியம். நம் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி விசா கட்டாயம். கண்காட்சி அழைப்பிதழ் வந்தவுடனே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

"போட்டோவில் பார்த்தேன், தோட்டத்து வரப்பில் கரையான் புத்து நிற்கிற மாதிரியே இருக்கு. எங்க ஊர்ல கிணறு வெட்ட வெடி வைக்காமல் ஒரு முழம் இறங்காது. அங்கே மட்டும் எப்படிங்க பாறையில் வீடு குடைந்தார்கள்?" (ஒரு விவசாயி, காங்கேயம் பக்கம்)

அய்யா, இந்தக் கேள்வியை நானும் கைடிடம் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துப் பாறைமேல் வைத்து "நகத்தால் கீறுங்கள்" என்றான். கீறினேன். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, நகத்துக்கடியில் மாவு.

அது பாறையே இல்லை, சாம்பல். எர்ஜியெஸ், ஹசன் மலை என்று அந்தப் பக்கம் எரிமலைகள் உண்டு. எர்ஜியெஸ் 3,917 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637 என்பதை வைத்து அளந்துகொள்ளுங்கள். பல லட்சம் வருஷங்களுக்கு முன் அந்த எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து படிந்து இறுகி மெத்துக் கல்லானது. அதன்மேல் சில இடங்களில் கருங்கல் மாதிரிக் கெட்டியான எரிமலைக் குழம்பு மூடியது. மழையும் காற்றும் பனியும் மெத்துக் கல்லை அரித்துக்கொண்டே போக, மேலே கெட்டிக்கல் இருந்த இடம் மட்டும் அரிபடாமல் நின்றுவிட்டது. அதனால்தான் பல கூம்புகளின் தலையில் தொப்பி வைத்த மாதிரி ஒரு கறுப்புக் கல். மழையில் நனைகிறபோது தலையில் கோணிச்சாக்கு போட்டுக்கொண்டு நிற்கிறவர் மாதிரி. தொப்பி விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் கூம்பும் கரைய வேண்டியதுதான். துருக்கிக்காரர்கள் இவற்றைத் தேவதைகளின் புகைபோக்கி என்கிறார்கள்.

நாமக்கல் கோட்டைப் பாறை அடியில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைவரை இருக்கிறதே, அது உளி முனை மழுங்க மழுங்க வெட்டியது. இங்கே கதையே வேறு. வெட்டும்போது கல் மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டபின் மேல்பரப்பு கொஞ்சம் இறுகிக்கொள்ளும். பிள்ளை பிறந்தால் இன்னோர் அறை வெட்டிக்கொள்ளலாம்.

விவசாயி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உச்ஹிசார் பக்கத்தில் புறாப் பள்ளத்தாக்கு என்று ஒன்று. பாறை முழுக்கச் சின்னச்சின்னப் பொந்துகள். இதெல்லாம் அழகுக்கு வெட்டியதில்லை, எருவுக்கு. நாம் காட்டில் ஆட்டுப்பட்டி போடுகிறோம் அல்லவா, அவர்கள் பாறையில் புறாப்பட்டி போட்டிருக்கிறார்கள். எச்சத்தை வாரித் திராட்சைத் தோட்டத்துக்குப் போடுவார்கள்.

"வரலாறு படிக்கிறேன். அந்தத் தேவாலயங்களில் யார் வரைந்தது, எதை முதலில் பார்க்க வேண்டும்? ஓவியங்களில் கண்கள் சுரண்டப்பட்டிருப்பது ஏன்?" (ஒரு கல்லூரி மாணவி, கோவை)

அம்மணி, கைடு வேண்டியது இதற்குத்தான். பள்ளத்தாக்கைப் பார்க்க யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, கால் இருந்தால் போதும். தேவாலயத்துக்குள் ஆள் இல்லாமல் போனால் பழைய சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துவிட்டு வருவோம். நான் ரெண்டாம் தடவை போனபோது டூர் எடுக்காமல் அருங்காட்சியகத்துக்கு மட்டும் கைடு வைத்துக்கொண்டேன், மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

நாலாம் நூற்றாண்டில் கய்சேரியில் பிஷப்பாக இருந்த புனித பசிலியார் காலத்திலிருந்தே இது துறவிகளின் பூமி. இப்போது நாம் பார்க்கும் ஓவியங்கள் பெரும்பாலும் 10 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையானவை. ஆனால் முதலில் படமே இல்லாத மாதிரி இருக்கும் புனித பார்பரா சிற்றாலயத்துக்குப் போ. வெறும் பாறைமேல் காவிச் சிவப்பில் கோடு, கட்டம், முக்கோணம், விநோதமான ஒரு பூச்சி, நம் வீட்டு வாசலில் செம்மண் பட்டை அடித்த மாதிரி. 726-லிருந்து 843 வரை, நடுவில் கொஞ்ச காலம் தவிர, சாமி படமே வரையக் கூடாது என்று, அப்போது இந்தப் பக்கத்தை ஆண்ட பைசாந்தியப் பேரரசில் தடை இருந்தது. அந்தக் காலத்துப் பாணி இது என்று பலர் சொல்வார்கள். ஆலயம் குடைந்தது அதற்கு அப்புறம்தான் என்று சொல்பவர்களும் உண்டு, கைடிடம் கேட்டுப் பார், நன்றாகச் சண்டை போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு இருட்டுத் தேவாலயத்துக்குள், கரன்லிக் கிலிஸே என்பார்கள், போனால்தான் அந்த நீலமும் சிவப்பும் முகத்தில் அறையும். அதற்குத் தனி டிக்கெட், யோசிக்காமல் வாங்கு. ஒரே ஒரு சின்ன ஜன்னல், வெளிச்சம் படாததால் நிறம் வெளுக்கவில்லை. 1950-கள் வரை அது புறாக்கூண்டு. எச்சத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஓவியத்தை மீட்கப் பதினான்கு வருஷம் ஆனதாம்.

தேவாலயம் எப்படிப் புறாக்கூண்டானது என்று கேட்பாய். இங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் 1923-இல் இரு நாட்டு மக்கள் பரிமாற்ற ஒப்பந்தப்படி கிரீஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்த முஸ்லிம்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். கும்பிட்டவர்கள் போய்விட்டால் கோயில் என்ன ஆகும், அதுதான்.

கண்ணைச் சுரண்டியதற்கு ஒவ்வொரு கைடும் ஒரு காரணம் சொல்வார். உருவம் ஆகாது என்பவர்கள் செய்தது என்பார் ஒருவர், கண் திருஷ்டிக்குப் பயந்த ஊர்க்காரர்கள் செய்தது என்பார் இன்னொருவர். கையெட்டும் உயரம் வரைதான் சேதம், மேலே விதானத்தில் இருப்பவர்கள் கண்ணோடு இருக்கிறார்கள். அதை நீயே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் தேடிப் பார். சில ஆலயங்களில் தூண் பாதியில் உடைந்து, மேல் துண்டு மட்டும் கூரையிலிருந்து தொங்கும். கூரை விழவில்லை. எப்படி விழும், அந்தத் தூண் எதையும் தாங்கவே இல்லையே! கட்டிய கோயில் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகப் பாறையில் விட்டுவைத்த தூண் அது. பாம்புத் தேவாலயத்தில் குதிரைமேலிருந்து பாம்பைக் குத்தும் ஜார்ஜையும் தியோடரையும் பார்த்தபோது எனக்கு முனியப்பன் கோயில் குதிரைதான் ஞாபகம் வந்தது. டோகாலி தேவாலயம் கேட்டுக்கு வெளியே, சாலையோரம் இருக்கிறது, அதே டிக்கெட்தான், அங்கே அதுதான் பெரியது, ஆனால் டூர் ஆட்கள் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே வேனில் ஏறிவிடுகிறார்கள். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள்.

"வயது 66. முட்டி வலி. சைவம். பையன் கிரீன் டூர் போட்டிருக்கான். பாதாள நகரத்துக்குள் இறங்க முடியுமா?" (ஒரு வாசகி, ஈரோடு)

அக்கா, பையனிடம் ரெட் டூருக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கேயும் படி உண்டு, ஆனால் சமாளிக்கலாம். இஹ்லாராவில் பள்ளத்தாக்குக்குள் இறங்கவே நானூறுக்குக் கொஞ்சம் குறையப் படிகள்.

டெரின்குயு என்றால் துருக்கி மொழியில் ஆழக்கிணறு. கேட்டதும் நமக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும்! எண்பதடி கிணறு வெட்டி அப்புறம் சைடு போர் போட்டவர்கள் நாம். அங்கே ஆழம் 85 மீட்டர், அதாவது 280 அடி, கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர் ஒளிந்திருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அரபுப் படையெடுப்புக் காலங்களில் ஆடு மாட்டோடு உள்ளே இறங்கி, செக்குக்கல் மாதிரி வட்டக் கல்லை உருட்டி வழியை அடைத்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பவரால்தான் அதை நகர்த்த முடியும். சில கிணறுகளை மேல்மட்டத்துக்குத் திறப்பு இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள், எதிரி விஷம் ஊற்றிவிடக் கூடாது என்று. இதெல்லாம் பார்க்க ஆசைதான். ஆனால் வழி ஒற்றையாள் அகலம், குனிந்தே நடக்க வேண்டும், எதிரே ஒரு கூட்டம் வந்தால் அப்படியே குனிந்தபடி நிற்க வேண்டும். முட்டி வலிக்கு ஆகாது. மூச்சு முட்டும் பயம் இருப்பவர்களுக்கு அறவே ஆகாது. பையன் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லட்டும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். மெர்ஜிமெக் சோர்பா என்று பருப்பு சூப் எங்கும் கிடைக்கும், இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கொஸ்லெமே என்று கீரையோ சீஸோ வைத்த மெல்லிய ரொட்டி. அயிரான் என்பது உப்புப் போட்ட நம்ம மோர்தான், கருவேப்பிலைதான் இல்லை. "எத்சிஸ்" என்று சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். டூர் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. பையில் ஒரு பருப்புப்பொடி டப்பா இருந்தால் ராத்திரிக்கு நிம்மதி.

"டூரிலேயே பலூனும் சேர்த்தியா?" (ஒரு வாசகர், பெருந்துறை)

இல்லை. அது தனிக் காசு, தனி நேரம், விடியுமுன் எழுப்பிக் கூட்டிப்போவார்கள். காற்று அதிகம் என்றால் அன்று பறக்க அனுமதி கிடைக்காது. அதனால் தங்கும் முதல் விடியலுக்கே பதிவு செய்யுங்கள், ரத்தானால் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும்.

"அறச்சலூர் குகையை எட்டிப் பார்க்காதவனெல்லாம் துருக்கிக்குப் போய் குகை பார்க்கணுமாக்கும்?" (பெயர் போடாத கடிதம், சென்னிமலை முத்திரை)

நியாயமான குத்து. கப்படோக்கியா போய் வந்த அப்புறம்தான் நானும் அறச்சலூர் நாகமலை ஏறினேன், அதற்கு முன் அந்த வழியாகக் காங்கேயத்துக்கு நூறு தடவை பஸ்ஸில் போயிருப்பேன். பாறை இடுக்கில் சமணர் படுக்கை, பக்கத்தில் தமிழ் பிராமியில் த, தை, தா, தே என்று ஆட்டத்துக்குச் சொல்லும் அடவு எழுத்துகள், வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை. எழுதியவர் பெயரும் இருக்கிறது, மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். கரூர்ப் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலையில் செங்காயபன் என்ற துறவிக்குச் சேர இளவரசன் குகை கொடுத்த கல்வெட்டு இருக்கிறது. நம் துறவிகள் அறை குடையவில்லை, இருந்த இடுக்கில் படுக்கை மட்டும் வெட்டிக்கொண்டார்கள். நம் கல்லில் அதுவே பெரிய வேலை.

ஈரோட்டிலிருந்து காங்கேயம் பஸ் ஏறினால் அறச்சலூரில் இறங்கிக்கொள்ளலாம். காலையிலேயே போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். எழுத்துகள் நேர்வெயிலில் தெரியாது, சாய்வெயிலில்தான் தெரியும்.