பூக்கட்டச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சின்ன வயதிலேயே ஆச்சியிடம் பூக்கட்டப் படித்தேன். சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு, கல்யாணம் எதுவானாலும் சடை அலங்காரமும் மாலையும் என் கைதான். வீடியோ பார்த்து ஜாடியில் பூ அடுக்கவும் பழகிவிட்டேன். "எங்களுக்கும் சொல்லிக்கொடுங்க மதினி" என்று பலர் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு, வாடகைக்கு இடம் பிடித்து வகுப்பு தொடங்கலாமா? "பூக்கட்டப் படிக்க யாராவது காசு கொடுப்பாங்களா?" என்கிறார் என் கணவர்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள தங்கச்சி, கொடுப்பார்கள். முதலில் இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கோயில் ஒன்றில் புத்தருக்குப் பூ வைத்த வழக்கத்திலிருந்து வளர்ந்ததுதான் இகெனோபோ என்கிற இகெபானா (ஜப்பானியப் பூ அலங்காரக் கலை) மரபு. 1927இல் தொடங்கிய சோகெட்சு பள்ளி, அந்தக் கலையைப் படிப்படியான பாடமாக்கி, சான்றிதழும் கொடுத்து, பல நாடுகளில் ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறது. நெல்லையப்பருக்கு மாலை கட்டுகிற ஊரில் கைவேலைக்குப் பஞ்சமில்லை. அதை யாரும் பாடமாக வகுக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் செய்ய வேண்டியது அதைத்தான்.

ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள். இடமும் பிடிக்க வேண்டாம். வீட்டுத் தார்சாவில் ஆறு பேர் உட்கார முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அது போதும்.

ஜாடி அலங்காரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் வீடியோவில் பார்த்ததை உங்களிடம் வருகிறவர்களும் பார்த்திருப்பார்கள். ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் ஓசூர்ப் பக்கமிருந்து வர வேண்டும், செலவு கூடும். தண்டு குத்துகிற பச்சை நுரைக்கட்டி மக்காத பிளாஸ்டிக் வேறு. வாழைநாரை எவ்வளவு நேரம் நனைப்பது, எவ்வளவு மெல்லிசாகக் கிழிப்பது, எந்த இறுக்கத்தில் காம்பு அறுபடும், எந்தத் தளர்வில் பூ உருவிக்கொண்டு வரும் என்பதெல்லாம் பக்கத்தில் ஒரு கை இருந்தால்தான் வரும். அது உங்கள் ஆச்சி கொடுத்த கை. உங்கள் வகுப்புக்கு மதிப்பே அதுதான்.

நன்றாகக் கட்டத் தெரிந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம். உங்கள் விரல் யோசிக்காமல் ஓடும், பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் முதலில் தனியாக உட்கார்ந்து, செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு முழம் கட்டிப் பாருங்கள்: "ரெண்டு மொட்டு இந்தப் பக்கம், ரெண்டு அந்தப் பக்கம், நாரைச் சுற்று, கண்ணிக்குள்ளே விடு, இழு." எங்கே வார்த்தை வராமல் தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் மாணவியும் தடுமாறுவாள். அப்புறம், எதிரே உட்கார்ந்து காட்டாதீர்கள், இடதும் வலதும் மாறிப்போகும். பக்கத்தில் உட்காருங்கள்.

பழகுகிற கையில் மல்லியைக் கொடுத்து நசுக்க விட வேண்டாம். அரளி, கேந்தி, துளசியில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு மல்லி, கடைசியாகப் பிச்சி. மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து, விலை கண்டபடி ஏறும். பங்குனி, சித்திரையில் வரத்து கூடும், பள்ளிக்கூட லீவும் சேர்ந்து வரும். மல்லி வகுப்பை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தம், ஓணம் நாட்களில் தோவாளைப் பூச்சந்தையில் விலை துள்ளும். அந்த வாரங்களில் நார் கிழிப்பது, இலை வேலை, சடைக்கு அளவெடுப்பது என்று ஓட்டலாம். சங்கரன்கோவில் சந்தைக்கும் ஒரு தடவை போய், உதிரிப்பூ விலையை உங்கள் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

நான்கு ஞாயிறு ஒரு பாடம்: சரம், கதம்பம், சடை அலங்காரம், மாலை. ஒவ்வொரு வாரமும் கட்டியதை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். நன்றாக வருகிறவர்களுக்கு அடுத்த நிலை வையுங்கள். தோவாளையில் அரளியை மடித்துக் கட்டுகிற மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த நேர்த்தியைக் காட்டினால் ஆசை வரும்.

கட்டணம் கேட்கத் தயங்காதீர்கள். மதினி, சித்தி என்று வருகிறவர்களிடம்தான் வாய் வராது, தெரியும். ஒரு வகுப்புக்கு ஆளுக்கு 300 ரூபாய் வைத்தால் ஆறு பேருக்கு 1,800. பூவும் நாரும் டீயும் 700 ஆனால், மூன்று மணி நேர வேலைக்கு உங்கள் கையில் 1,100. சொந்தக்காரருக்குச் சலுகை வேண்டுமானால் கொடுங்கள், இலவசம் வேண்டாம். நான்கு வாரப் பணத்தையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் மழை பெய்த ஞாயிறு பூ வாங்கிய காசு போய்விடும். பூ விற்றுப் பிழைக்கிற பெண் யாராவது மாலைக்கட்டு கற்க வந்தால் மட்டும் தவணையில் வாங்குங்கள். அவளுக்கு இது சோறு.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் ஆன்லைனில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடன் இப்போது தேவையில்லை. பின்னால் தேவைப்பட்டால் சிறுதொழில்களுக்கு அரசு நடத்தும் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம்.

ஆறு மாதம் இப்படி நடத்துங்கள். செலவு போக மிஞ்சியதைச் சம்பளத்தோடு ஒப்பிட்டு, வேலையை விடுவதா வேண்டாமா என்று அப்போது முடிவெடுங்கள். நோட்டை உங்கள் வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். ஞாயிறு அதிகாலை சந்தைக்குப் போய்ப் பூ வாங்கிவர ஒரு ஆள் வேண்டுமே.